தரகும் கொப்பியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி எழுதியோர் பலர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன்மீது கொண்ட வேட்கை பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால், அத்துறைமுகத்தை அண்டிய கரைகளில் வாழ்வோர் தாம் பிடித்த மீனுக்குத் தாமே விலை கூற இயலாதிருந்த கதையை எழுதியோர் சிலரே. திருக்கடலூர்க் கரையில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்த ஒருவரின் வீட்டில் அக்கதை எதிர்பாராத வடிவத்தில் மீண்டும் பேசப்படலாயிற்று. அதற்குக் காரணம் மீனன்று. அவருடைய மகன் எழுதிய கணினி மென்பொருள்.

தந்தையின் கணக்கு எளிமையானது. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தந்தவர் ஒரு வியாபாரி. ஆதலின், சூரையாயினும் பாரையாயினும் கரைசேர்ந்த மீன் முழுவதும் அவரிடமே செல்லல் வேண்டும். ஏலம் கூறுபவரும் அவர். நிறை பார்ப்பவரும் அவர். நூற்றுக்குப் பத்து எனத் தரகு கழித்து, கடனில் ஒரு பகுதியையும் கழித்து, எஞ்சியதைக் கையில் தருபவரும் அவரே. நல்ல மீன் கொழும்புக்கு, பேலியகொடைச் சந்தைக்குப் போகும். அங்கு அது என்ன விலைக்குப் போயிற்று என்பது கரைக்குத் திரும்பி வருவதில்லை. கணக்கெழுதும் கொப்பி வியாபாரியின் மேசைக்குள் இருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, படகைக் கடலில் இறக்குவதற்கே புதுக் கடன் வேண்டியிருந்தது. அக்கடனும் அதே கொப்பியில் ஏறிற்று. அவ்வியாபாரியைக் கொடியவர் என்று தந்தை ஒருநாளும் கூறியதில்லை. வேறெவரும் கடன் தராத வேளையில் தந்தவர் என்ற நன்றி அவருக்கு உண்டு. இத்தகைய கட்டின் வலிமையே அந்த நன்றிதான் போலும்.

மகன் படித்தது கணிதம். சிறு கடைகளில் பற்றுச்சீட்டு எழுதவும் இருப்புக் கணக்குப் பார்க்கவும் உதவும் மென்பொருள் ஒன்றை ஆக்கி, நகரிலும் உப்புவெளியிலுமாகச் சில கடைகளுக்குக் கொடுத்திருந்தான். ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபா. இத்தொகையை அவன் கண்டடைந்த விதமும் கடினமானதே. தரவுகளைச் சேமிக்கும் வழங்கிக்கு வாடகை டொலரில்; கடைக்காரர் தருவதோ ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. அந்நினைவு அழியாமையால், வாடகைக்கும் ஆண்டு முழுவதும் தொலைபேசியில் உதவுவதற்குமாக ஒரு கடைக்கு 7,000 ரூபா என ஒதுக்கினான். முதலாண்டில் கடைக்கே சென்று பொருத்திப் பழக்குவதற்கு மேலும் 5,000 ரூபா. தன் உழைப்புக்கு அவன் கூலி எழுதவில்லை. கடற்றொழிலாளர் வீட்டில் அவ்வழக்கம் இல்லை.

மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் தானே சென்று கடைதோறும் பேசுதல் ஒருவனால் ஆகாது. ஆகவே, கணினி விற்போரும் கணக்கெழுதுவோரும் தத்தம் ஊரில் வாடிக்கையாளரைச் சேர்த்துத் தந்தால் அவர்களுக்குத் தரகு தரலாம் என எண்ணினான். முதலாண்டுப் பணத்தில் மட்டும் 40 வீதம் என்பது முதல் எண்ணம். அதன்படி தரகர் 9,600 ரூபா பெறுவார். செலவு 12,000 போக அவனிடம் எஞ்சுவது 2,400. அக்கடை மறு ஆண்டே விலகினும் தரகருக்கு இழப்பில்லை. எனவே, மென்பொருள் வேண்டாதவரிடமும் அதனைத் திணிக்கும் ஆசை பிறக்கும். ஆண்டுதோறும் 15 வீதம் எனில், கடை நிலைத்தால்தான் தரகருக்குப் பயன். ஆயினும் 3,600 ரூபாவுக்காக மூதூரில் எவர் வெயிலில் அலைவார்? ஈற்றில் முதலாண்டு 25 வீதம், பின்னர் ஆண்டுதோறும் 10 வீதம் என்ற இடத்தில் அவன் நின்றான். மூன்றாண்டுக்குத் தரகருக்குச் சேர்வது 10,800 ரூபா. முன்சொன்ன 15 வீதத்திலும் அதே தொகைதான்; எனினும் பணம் வரும் வேளை வேறு.

விலைக்கழிவு பற்றிய சிக்கல் அதனினும் நுட்பமானது. கடைக்காரர் ஒருவர் 20 வீதம் குறைக்கச் சொன்னால் வரவு 19,200 ரூபா. தரகை முழு விலைக்குக் கணக்கிட்டு 6,000 கொடுத்தால், எஞ்சவேண்டிய 6,000 வெறும் 1,200 ஆகிவிடும். வாடிக்கையாளருக்குச் சிறிதாகத் தோன்றும் கழிவு, விற்பவனின் மிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்குகிறது. கைக்கு வந்த பணத்துக்கே தரகு என்னும் விதியை அவன் அன்றிரவே எழுதிக்கொண்டான்.

இவ்வேளையில்தான் நகரின் கணினி வியாபாரி ஒருவர் 3 இலட்சம் ரூபா கடன் தர முன்வந்தார். வட்டி கேட்கவில்லை. மாவட்டம் முழுவதும் விற்கும் உரிமை தமக்கு மட்டுமே, ஆண்டுதோறும் வரவில் பாதி, பணத்தைத் தாமே வசூலித்துக் கொடுப்பார் என்பன நிபந்தனைகள். பாதியெனின் முதலாண்டில் மிச்சம் சுழியம். எனினும் அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. உலக வழக்கும் அதுதானே என்று வாதாடினான். அப்பிள் நிறுவனம் 2008இல் தன் செயலிக் கடையைத் திறந்தபோது 30 வீதத்தைத் தான் எடுத்துக்கொண்டே எஞ்சியதை ஆக்கியோருக்குக் கொடுத்தது; 2021 முதல்தான் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு உட்பட்ட வரவுடையோருக்கு அதனை 15 வீதமாக்கியது.

தந்தை வீதங்களைக் கேட்கவில்லை.

"கொப்பி ஆரிட்ட இருக்கும், தம்பி?" என்றார்.

வியாபாரியிடம் என்றான் மகன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை, வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மகன் அக்கடனை மறுத்துவிட்டான். புதிய மடிகணினி வாங்கும் எண்ணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. வியாபாரியோடிருந்த பழக்கமும் சற்றுக் குளிர்ந்தது.

ஆனால், அக்கேள்வி அவனை வேறொரு திசையிலும் தொடர்ந்தது. கரையில் தரகு எடுப்பவர் கையில் கொப்பி இருந்தது. இங்கோ தரகு கொடுப்பவன் கையில் அது இருக்கிறது. கிண்ணியாவில் ஒருவர் சேர்த்துவிட்ட கடை மறு ஆண்டு நேராக இவனுக்கே பணம் கட்டினால், அது சேர்த்துவிட்டவருக்குத் தெரிய வழியில்லை. தந்தையை வருத்திய அதே இருட்டில் தரகரை நிறுத்த இவனால் முடியும். அதுவும் கைக்குக் கை படாமல். ஆதலின், ஒவ்வொரு தரகருக்கும் மாதந்தோறும் கணக்குத் தாள் அனுப்புவது, கடையின் பெயர், பணம் வந்த நாள், கழிவு, தரகு ஆகியவற்றை அதில் காட்டுவது, கடை நேரே புதுப்பித்தாலும் தரகு தருவது என முடிவு செய்தான்.

முதற்றாள் கிண்ணியாவைச் சேர்ந்த கணக்கெழுதுநர் ஒருவருக்கானது. அதில் ஒரே கடை, ஒரே வரி, 6,000 ரூபா. தந்தை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை வாசித்தார். அடுத்த ஆண்டு வரவேண்டிய 2,400க்கு நாள் குறிக்கவில்லையே என்றார். மகன் தாளை வாங்கி, கீழே அந்த நாளையும் எழுதிச் சேர்த்தான்.