எந்த நாற்காலிக்கு எந்தப் பட்டம்?

ஜூன் 3, செவ்வாய்

அக்கா மகளுக்கு இன்று வார விடுமுறை. தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் போனை நீட்டினாள். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் வாங்கலாம் என்று வீடியோவில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி இங்க எங்க மாமா இருக்கு? வேலையை விடாம படிக்கணும்."

"படிச்சு என்ன ஆகணும்?"

"போலீஸ், கோர்ட்டு... அந்தப் பக்கம்."

எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் இல்லை. பிளஸ் டூ முடித்த பத்தொன்பது வயதில் யாருக்குத் தெரியும்? மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மாமனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருக்கிறாள். எனக்குப் பழக்கம் கோர்ட்டு வாசல்; காலேஜ் வாசல் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

சைதாப்பேட்டை கோர்ட். சீனியரின் கட்டுகளோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடையில் திருடிய வழக்கு ஒன்று கூப்பிட்டார்கள். அவள் கேள்வி மனதில் இருந்ததால், ஹாலில் யார் யார், என்ன படித்து அங்கே வந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கேஸ் டைரியோடு வந்த கோர்ட் ஏட்டு இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். சார்ஜ் ஷீட் போட்ட எஸ்.ஐ. ஏதோ ஒரு பட்டதாரி. ஏதோ ஒன்று என்றால் ஏதோ ஒன்றேதான்: வணிகவியலும் ஆகும், தாவரவியலும் ஆகும். அரசுத் தரப்பில் வாதாடும் ஏ.பி.பி., எதிர்த்தரப்பு வக்கீல், மேலே மாஜிஸ்திரேட், மூவருக்கும் சட்டப் பட்டம். ரிப்போர்ட் அனுப்பிய தடய அறிவியல் ஆய்வகத்துக்காரர் வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ படித்தவர். தண்டனைக்குப் பதில் நன்னடத்தையில் விடலாமா என்று மாஜிஸ்திரேட் யோசித்தால் அறிக்கை கொடுக்கவேண்டிய நன்னடத்தை அலுவலர் சமூகப்பணி, குற்றவியல், உளவியல் போன்ற படிப்புப் பக்கத்திலிருந்து வருபவர்.

ஒரே ஹாலில் இத்தனை பேர். "குற்றவியல் நீதி" என்று ஒரே பட்டம் வாங்கி உள்ளே வந்தவர் அநேகமாக ஒருவரும் இல்லை. அவளிடம் முதலில் கேட்கவேண்டியது எந்த காலேஜ் என்பதல்ல, இந்த ஹாலில் எந்த நாற்காலி என்பதைத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

அமெரிக்க வீடியோவில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. பெர்க்லி ஊரின் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர், காவலருக்கும் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று வாதாடி, 1916-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலேயே வகுப்புக்கு வழி செய்தார். 1968-இல் மத்திய அரசே சட்டம் போட்டு, படிக்கப் போகும் போலீஸ்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. அதன் பிறகு அங்கே ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரிகளில் இந்தப் பாடம் பெருகியது. பகலில் ரோந்து, சாயங்காலம் வகுப்பு. வேலையில் இருப்பவனைக் கணக்கில் வைத்துக் கட்டிய படிப்பு அது.

சமுதாயக் கல்லூரி நமக்கும் புதிதல்ல. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது. மறுவருடமே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் இங்கே ஒன்று தொடங்கியது. லயோலாவில் முதல்வராக இருந்த பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அந்த யோசனையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார். பள்ளியை முடிக்காதவர்களுக்கும் இடம், வாழ்க்கைத் திறன், கைத்தொழில், வேலையிடத்தில் பயிற்சி. நோயாளி உதவியாளர், ஏ.சி. மெக்கானிக், கேட்டரிங், கணினி எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் ஆள் தயார் செய்யலாம் என்ற எண்ணம் மட்டும் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஏனென்று யோசித்தால் காரணம் எளிது. ஏ.சி. மெக்கானிக்கை முதலாளி நேரே வேலைக்கு எடுப்பார். இங்கே முதலாளி அரசாங்கம். அது தேர்வு வைத்து எடுக்கும். அந்தத் தேர்வு இந்தப் படிப்பைக் கேட்பதில்லை.

ஜூன் 11, புதன்

மனு ஒன்றின் நகல் வாங்கப் போன வழியில் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து விசாரித்தேன். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்று தனித் துறையே இருக்கிறது. இந்தியக் குற்றவியல் சங்கத்துக்கும் அதுதான் வீடு. முதுகலையும் சைபர் தடயவியலும் அங்கே உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கு ஒரு துறை. ஆனால் இவையெல்லாம் ஒரு பட்டம் முடித்துவிட்டு, பகலில் வந்து உட்காரக்கூடியவர்களுக்கு.

வேலையோடு படிக்க அஞ்சல் வழிதான். சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலில் பி.ஏ. உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனமும் குற்றவியலும் காவல் நிர்வாகமும் சேர்ந்த பி.ஏ. நடத்திவந்திருக்கிறது. எதில் சேர்ந்தாலும் அந்த வருடம் அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. ஒப்புதல் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இக்னோவில் குற்றவியல் நீதிக்கு முதுகலைப் பட்டயம் இருக்கிறது, அது பி.ஏ.வுக்குப் பிறகு.

சாயங்காலம் சீனியரிடம் சொன்னேன். இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். ஒன்று: பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை கலைந்திருந்தால், திறந்தநிலைப் பட்டம் இருந்தும் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது, 2009-இல் அரசாணையே இருக்கிறது. நம் பெண்ணுக்கு வரிசை சரியாக இருப்பதால் பயமில்லை. இரண்டு: வக்கீலாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ ஆசை வந்தால் எல்.எல்.பி.யைத் தபாலில் படிக்க முடியாது, நேரே போக வேண்டும். ஹைகோர்ட் வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரியும் 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. கடையில் நின்றுகொண்டு அங்கே தினமும் போய்வருவது நடக்காத காரியம்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலையில் அக்காவோடு மெரினா. டி.ஜி.பி. ஆபீஸ் எதிரே மணலில் பத்துப் பதினைந்து பெண்கள் ஓட்டப் பயிற்சியில் இருந்தார்கள். எஸ்.ஐ. தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். உயரம் 159 செ.மீ., பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 157. வயது இருபது நிறைந்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு லத்தி எதுக்குடா?"

தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸில் சேர்ந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது என்றேன். 1973-இல் முதல் அணி, 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம். லத்திகா சரண் இந்த ஊருக்கே கமிஷனராக இருந்தார். பிறகு நாம் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்தக் கட்டடத்தில் டி.ஜி.பி.யாக உட்கார்ந்தார். அக்கா கட்டடத்தை ஒரு பார்வை பார்த்தாள். "வேலை இருக்கட்டும். ராத்திரி டூட்டிக்கு யாரு கூடப் போறது?" அதற்கு என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை.

அந்தக் கடற்கரைச் சாலையில்தான் தடய அறிவியல் துறையும். 1849-இல் சென்னையில் வைத்த இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் நாட்டிலேயே முதலாவது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் துப்புத் துலக்க உதவிய டாக்டர் பி. சந்திரசேகரன் இந்தத் துறையின் இயக்குநராக இருந்தவர். சினிமா பார்த்துவிட்டு இந்தப் பக்கம் ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய. ஆனால் குற்றவியல் பி.ஏ. வாங்கியவருக்கு அந்த ஆய்வக மேசை கிடைக்காது; அதற்குப் பட்டமே அறிவியலாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்தவளிடம் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. ஐ.பி.சி. போய் பி.என்.எஸ்., சி.ஆர்.பி.சி. போய் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டம் போய் பி.எஸ்.ஏ. ஆபீஸில் இன்னும் இரண்டு எண்ணும் போட்டுத்தான் பேசுகிறோம்.

இதில் அவளுக்குப் பாடம் இருக்கிறது. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 176(3). அதை அமலாக்க மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம். சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் வீடியோ எடுக்க வேண்டும், 105. கேமராப் பதிவைக் கொடுத்தால், பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் வைக்க வேண்டும், பி.எஸ்.ஏ. 63. தீபாவளி நெரிசலில் சேலை காணாமல் போய், கேமராப் பதிவைப் பென் டிரைவில் போட்டு ஸ்டேஷனுக்கு அனுப்புவதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பென் டிரைவ் கோர்ட்டில் ஏன் சில சமயம் செல்லாமல் போகிறது என்பதைப் படிப்பதுதான் இந்தப் படிப்பு என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலீஸ் மட்டும் குற்றவியல் நீதி ஆகாது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் 1920-இலும், நன்னடத்தைச் சட்டம் 1936-இலும் இந்தச் சென்னை மாகாணம் நாட்டுக்கே முன்னால் போட்டது. சிறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்று 2022-ஆம் வருட தேசியக் கணக்கு சொல்கிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் அடித்துச் செத்தபோது, அந்த ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் கண்டதைச் சொன்னார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இந்தத் தைரியம் தேவைப்படும் நாள் வரலாம். எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு யூனிட் கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

அவள் வந்தாள். நாற்காலிகளை ஒரு தாளில் எழுதி, எதற்கு என்ன படிப்பு என்று எதிரே எழுதிக் கொடுத்தேன். ஆய்வகத்தை அவளே அடித்தாள். வக்கீல் மேல் கேள்விக்குறி போட்டாள். எஸ்.ஐ., நன்னடத்தை அலுவலர், சிறைத் துறை மூன்றையும் வட்டம் போட்டாள்.

"எஸ்.ஐ.க்கு எந்த டிகிரியும் போதும்னா குற்றவியல் எதுக்கு மாமா? சுலபமா ஒண்ணு எடுத்துடலாமே?"

நல்ல கேள்வி. எஸ்.ஐ. தேர்வு ஒன்றையே நம்பினால் எந்த பி.ஏ.வும் சரிதான். அது கைநழுவினால் நன்னடத்தை, குழந்தைகள் நலம் பக்கம் திரும்பவும், மேலே முதுகலை சேரவும் குற்றவியல் பட்டம் கைகொடுக்கும். தமிழ் வழியில் முடித்தால் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வழி உண்டு. பள்ளியும் தமிழ் வழியே என்பதால் அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே தமிழில், அஞ்சல் வழியில், குற்றவியல் பி.ஏ. மூன்று வருடம். கூடவே காலையில் ஓட்டம், விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் கூடம் அங்கே இருக்கிறது. தொடர்பு வகுப்பும் தேர்வும் சனி, ஞாயிறில் வந்தால் கடையில் யாரோடாவது நாளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை அவள் இப்போதிருந்தே பேசி வைக்கட்டும்.

"டிகிரி வர்றதுக்கு முன்னாடி கத்துக்க ஒண்ணும் இல்லையா?"

கோர்ட் ஹால் திறந்த இடம், பொதுமக்கள் யாரும் வந்து உட்காரலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 366 சொல்கிறது. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. அவள் விடுமுறையும் கோர்ட் நடக்கும் நாளில்தான் வருகிறது. அடுத்த செவ்வாய் பத்தரை மணிக்கு சைதாப்பேட்டை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏட்டு என்ன செய்கிறார், எஸ்.ஐ.யை வக்கீல் எப்படிக் குடைகிறார் என்று ஒரு நாள் பார்க்கட்டும். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.