தாத்தாவின் டிரங்குப் பெட்டி

இப்போது ஒரு சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் தட்டுகிறோம். வில்லியனூரில் எங்கள் தெருவில், 1991-ஆம் வருஷத்தில், சந்தேகம் வந்தவர்கள் என் தாத்தாவின் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

காரணம், அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் 'அபிதான சிந்தாமணி' இருந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தமிழ்ப் பண்டிதர் தனி ஆளாகப் பல வருஷம் உழைத்துத் தொகுத்த புத்தகம். அச்சுப் போட ஆள் கிடைக்காமல் அவர் அலைந்து, கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும், நான் படுத்திருக்கிறேன்.

தாத்தா புத்தகத்தை வெளியே கொண்டுவர மாட்டார். கேள்வியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். பெட்டி மூடி கிறீச்சிடும். வெற்றிலை போடுகிற நேரம் கழித்து வந்து பதில் சொல்லுவார். அதற்கு அப்பீல் கிடையாது.

அந்த வருஷம் பாரதக் கூத்து நடந்தபோது, துரியோதனன் தங்கை துச்சலையின் பிள்ளைக்கு என்ன பெயர் என்று இரண்டு பேருக்குள் இருபது ரூபாய் பந்தயம். "விசயசேனன்" என்றார் தாத்தா. "சுரதன்" என்று சாதித்த வண்டிக்காரர் வாய் பேசாமல் மடியை அவிழ்த்து ரூபாயை எடுத்து வைத்தார். அவர் முகம் எனக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த வாரம் அம்மாவோடு புதுச்சேரிக்குப் போனவன், ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குள் நுழைந்தேன். 1827-இல் ஏற்பட்ட நூலகம் அது. பாரத வசனப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். சுரதன்தான்.

பன்னிரண்டு வயதுக்கு வாயை மூடத் தெரியுமா? திண்ணையில் ஆறு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இருபது ரூபாயை எடுத்து, "வண்டிக்காரர் வீட்டில கொடுத்துட்டு வா" என்றார்.

அன்று ராத்திரி நானே பெட்டியைத் திறந்தேன். 'து' வரிசையே இல்லை. விரற்கடை கனத்துக்குக் கரையான் தின்றிருந்தது.

"பக்கமே இல்லையே, ஏன் தாத்தா சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னா, வந்தவன் வெறுங்கையோட இல்ல போவான்?"

அப்புறம் திண்ணைக்கு ஆள் வருவது குறைந்துபோயிற்று. அதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இப்போது என் மேஜைமேல் முழுப் பதிப்பு ஒன்று இருக்கிறது. தாத்தாவின் பிரதியும் பக்கத்திலேயே. கரையான் தின்ற பக்கங்களில் என்னென்ன பெயர்கள் இருந்தன என்று ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவற்றில் எட்டுப் பெயருக்கு அவர் திண்ணையில் சொன்ன கதை எனக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.