பதினெட்டு சதுரடி

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சேலம் ஜில்லாவா, நாமக்கல் ஜில்லாவா என்றுகூடச் சொல்ல மாட்டேன். லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும் உள்ள ஓர் ஊர், அதற்கு ஒரு நகராட்சி, அதில் எங்கள் வார்டு. அவ்வளவுதான். மேற்கொண்டு சொன்னால் நாளைக்கு எங்க வீட்டுக் குழாயில் தண்ணி வராது.

வீட்டுக்கு யாராவது வந்தால் மற்றவர்கள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவார்கள். எங்க அப்பா சொத்துவரி ரசீது ஃபைலைக் காட்டுவார். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று தாத்தா காலத்திலிருந்து வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். இப்போது அரையாண்டின் முதல் மாசத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி என்ற வார்த்தையே தெரியாத காலத்திலேயே முதல் வாரம் போய் கியூவில் நின்றவர் அப்பா.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு 2022-ல் ஒரு நோட்டீஸ் வந்தது.

விஷயம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-க்கு அப்புறம் சொத்துவரி பொதுவாக ஏறவில்லை. 2018-ல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். அப்புறம், வரியைச் சீராக்கினால்தான் மானியம் என்று 15-வது நிதிக்குழு கறாராகச் சொல்லிவிட, 2022 ஏப்ரலிலிருந்து புது வரி. எங்களை மாதிரி ஊரில் குடியிருக்கும் வீட்டுக்கு 600 சதுரடி வரை 25 சதவீதம் கூடுதல், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேலே 100.

எங்க வீடு 21 அடி அகலம், 58 அடி நீளம். பெருக்கிப் பாருங்கள். 1,218!

பதினெட்டு சதுரடியில் கோட்டை விட்டாச்சு. அந்தப் பதினெட்டுக்கு மட்டும் 75 என்றால்கூடப் பரவாயில்லை. மொத்த வீட்டுக்கும் 75. அரையாண்டுக்கு 840 ரூபாய் கட்டிக் கொண்டிருந்தோம். 50 சதவீதம் என்றால் 1,260. 75 என்றால் 1,470. வித்தியாசம் 210 ரூபாய்.

"மாசம் முப்பத்தஞ்சு ரூபாதானேப்பா, விடுங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் என் இருபத்தெட்டு வயசும் வீண் என்று தெரிந்தது. "ரூபா கெடக்குது கண்ணு. கணக்கு தப்புடா. 56 அடிதான் வீடு. மிச்சம் ரெண்டடி திண்ணை!"

திண்ணை என்றால், தாத்தா கருங்கல் பலகை போட்டுக் கட்டினது. 21 அடி நீளம், 2 அடி அகலம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிடையர்டு வாத்தியார், தறி ஓட்டி ஓய்ந்த பெரியப்பா, ஒரு மாஜி லாரி டிரைவர் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தால் எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். அம்மா போடும் டீக்கு வரி இல்லை என்பதால் தப்பித்தோம்.

அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சிகள் தினம். அன்றைக்குத்தான் தமிழ்நாட்டு நகரங்களில் முதல் முறையாகப் பகுதி சபை நடந்தது. கிராமத்துக்குக் கிராம சபை பழசு. அரசியல் சட்டத்தில் திருத்தம் வந்து 1993-ல் அமலானது. அதே வருஷம் நகரங்களுக்கும் ஒரு திருத்தம் அமலுக்கு வந்தது. ஆனால் இங்கே வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதி எழுதுவதற்கு 2022 ஆகிவிட்டது. எங்க மாமா நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். "நாங்கெல்லாம் முப்பது வருஷமா எந்திரிச்சு நின்னு கேக்கறோம் மாப்ள, டவுன்காரங்க உங்களுக்கு வாயே இல்லையா?" என்பார். (நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனபோது, சுத்துப்பட்டு ஊராட்சிகளை அதில் சேர்க்காதே என்று ஜனங்கள் போராடினார்கள். நூறு நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறிடும் என்று பயம். மாமாவும் முன்வரிசையில்.)

செவ்வாய்க்கிழமை. ஆபீசில் ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். காரணம் கேட்ட மேனேஜரிடம் "பகுதி சபை சார்" என்றேன். பஜனை மாதிரி ஏதோ என்று நினைத்து "ப்ரசாதம் கொண்டு வாப்பா" என்றார்.

சாமியானா போட்டு அறுபது சேர். வந்தவர்கள் நாற்பது பேருக்குள். அதில் பாதி பேர் போண்டா வாசனைக்கு வந்தவர்கள். கவுன்சிலர் அக்கா நடுவில், அவருடைய வீட்டுக்காரர் அதைவிடக் கொஞ்சம் நடுவில். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். 2011-க்கு அப்புறம் 2022 பிப்ரவரியில்தான் நகராட்சித் தேர்தலே நடந்தது. நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருத்தரே கிடையாது. அத்தனை வருஷத்து சாக்கடையும் அவர் தலையில் வந்து விழுந்திருந்தது.

தெருவிளக்கு எல்.இ.டி. ஆனது, குப்பை வண்டி வருகிற நேரம், குடிதண்ணிக் குழாய் மாற்றுவது என்று ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மாஜி டிரைவர் எழுந்தார். "சேலம் அஞ்சு ரோட்டுல பஸ்ஸு ரெண்டு மாடி ஏறிப் போவுதுங்க. எங்க தெருவுல சைக்கிளு தரையில போவ மாட்டேங்குது. அதுக்கு வழி சொல்லுங்க." ஒரே கைதட்டல். ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் திறந்ததிலிருந்து இந்த வசனத்தை எங்க திண்ணையில் தினம் ஒத்திகை பார்த்தவர் அவர்.

கடைசியில் என்ஜினீயர் மைக்கைப் பிடித்தார். எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் வருகிறது. சந்தோஷம். ஆனால் சாக்கடை மேல் நீட்டிக் கட்டியிருக்கிற படி, திண்ணை எல்லாம் ஆக்கிரமிப்பு, எடுக்க வேண்டியிருக்கும். வீட்டு நம்பர்களை வாசித்தார். நாலாவது நம்பர் எங்களுது.

அப்பா அசையவில்லை. ஃபைலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஆபீஸ் மீட்டிங்கில்கூட வாய் திறக்காத ஆசாமி. எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"சார், ஒரு சந்தேகம். அந்தத் திண்ணை எங்களுதா, உங்களுதா?"

"ரோட்டு எடம் தம்பி. நகராட்சியுது."

"அப்ப அதுக்கு நாங்க ஏன் சார் வரி கட்டறோம்?"

அப்பா ஃபைலைத் திறந்து நோட்டீஸை நீட்டினார். 1,218. என்ஜினீயர் அதை வாங்கி வரிப் பிரிவுக்காரரைப் பார்த்தார். அவர் போண்டாவைப் பார்த்தார். கவுன்சிலர் அக்கா அன்றைக்கு முதல் முறையாகத் தானே மைக்கை எடுத்து, "ஒண்ணு வீடுன்னு சொல்லுங்க, இல்ல ரோடுன்னு சொல்லுங்க. ரெண்டும் சொன்னா நான் எப்படிங்க தெருவுல நடக்கறது?" என்றார். வீட்டுக்காரர் ஒரு சேர் தள்ளி உட்கார்ந்தார்.

மனு கொடுத்தோம். அளக்க வந்தார்கள். 56 அடிதான் வீடு, 1,176 சதுரடி என்று எழுதினார்கள். அதாவது, ஜெயித்துவிட்டோம். அதாவது, திண்ணை போய்விட்டது. எங்களுக்குச் சாதகமான அதே காகிதத்தில்தான் அது ஆக்கிரமிப்பு என்றும் இருந்தது.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "பேசாம 210 ரூபாயக் கட்டியிருக்கலாம்" என்று அம்மா முணுமுணுத்தாள். நானும் அதைத்தான் நினைத்தேன். கட்டியிருந்தாலும் வடிகாலுக்காக இடித்திருப்பார்கள் என்று மூளை சொன்னது. மனசு கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று ஒரு மாசம் உறுத்தியது.

2023-ல் வேலை ஆரம்பித்தது. மெஷின் வைத்து இடிக்க வேண்டாம் என்று அப்பாவே கொத்தனாரைக் கூப்பிட்டு, பலகைக் கல் உடையாமல் கடப்பாரையால் நெம்பி எடுக்கச் சொன்னார். பக்கத்திலேயே நின்றார். கூலி, டீ, வடை எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். நாலு வருஷத்து வித்தியாசம் அதிலேயே போய்விட்டது. அதை நான் சொல்லவில்லை.

மூன்று மாசம் வாசலில் பள்ளம். பெரியவர்கள் மூன்று பேரும் வரவில்லை. வாத்தியார் மட்டும் ஒரு நாள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்க, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வடிகால் கட்டி முடித்தார்கள். மழைக்குத் தெருவில் தண்ணி நிற்பதில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்க வாசலுக்கு மூடி போடுவதற்குள் கான்கிரீட் பலகை தீர்ந்துவிட்டது. அடுத்த லோடு எப்போது வரும் என்று மேஸ்திரிக்கே தெரியவில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருந்த தாத்தாவின் கல்லை அப்பா காட்டினார். நாலு ஆள் தூக்கி வடிகால் மேல் வைத்தார்கள். வடிகாலே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். கல் ரெண்டடி அகலம்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

போன ஏப்ரலில் அந்தப் பக்கம் வந்த பில் கலெக்டர் சைக்கிளை நிறுத்தி, நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கல்லை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க பெரியவரே, மறுபடியும் திண்ணையா?"

"திண்ணை ஏதுங்க?" என்றார் அப்பா, நகராமல். "இது உங்க சாக்கடை மூடிங்க."