லாரி ஏறும் காயும் சட்டிக்கு வரும் காயும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி வண்டி ஏறி, இடதுபக்க ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மலைக்கோட்டைப் பாறை பின்னால் போய்விடும். தெற்கே பழனி மலைத்தொடர் நீலமாகக் கூடவே வரும். ரெட்டியார்சத்திரம் நெருங்கும்போதே காட்டின் நிறம் மாறுகிறது. செம்மண்ணில் முருங்கை வரிசை, அதையடுத்துக் கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர் பந்தல் போட்டுப் புடலையும் பாகலும் ஏற்றியிருக்கிறார். தண்ணீர் இல்லாதவர் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். இந்தோ-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் இருக்கிறது. குழித்தட்டில் வளர்ந்த நாற்றுகள் இங்கிருந்து பல ஊர்த் தோட்டங்களுக்குப் போகின்றன.

வண்டி ஒட்டன்சத்திரம் சேரும்போது மூக்கே சொல்லிவிடும். மல்லித்தழை, முட்டைக்கோஸ், பழுத்த தக்காளி, சாக்கு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்றான காந்தி மார்க்கெட் இது. மினி வேனிலும் டிராக்டரிலும் இரு சக்கர வண்டியிலும் வந்து இறங்கும் மூட்டைகள் கமிஷன் மண்டிகளில் ஏலம் போய், பொழுது சாய்கையில் லாரி ஏறுகின்றன. பெரும்பகுதி கேரளத்துக்கு. ஓணம் நெருங்கினால் இங்கே விலை ஏறும். அங்கே பெருமழை வெள்ளம் என்றால் இங்கே மூட்டை தேங்கும். மலையாள வீட்டு அவியலில் விழும் முருங்கைக்காய்க்கும் சாம்பாரில் விழும் வெண்டைக்காய்க்கும் இந்த மண்ணோடு அவ்வளவு நெருக்கம்.

காயை இறக்கிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற விவசாயியின் வீட்டில் அன்று இரவு என்ன சாப்பாடு? பல வீடுகளில் சோறும் ரசமும், தொட்டுக்கொள்ள அப்பளம். காய் என்றால் மண்டியில் கழித்துப் போட்ட சொத்தைக் கத்தரிக்காயில் நல்ல பக்கம் பார்த்து நறுக்கியது. முதல் தரம் லாரிக்கு, இரண்டாம் தரம் உள்ளூர்ச் சந்தைக்கு, மூன்றாம் தரம் வீட்டுக்கு. காசாகிற பொருளைத் தின்பதா என்ற கணக்கு அது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கடன் தவணையும் கூலியும் அந்தச் சீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 சதவிகிதம். முந்தைய கணக்கெடுப்பில் குழந்தைகளின் அளவு 50.7 ஆக இருந்தது, குறையவில்லை, கூடியிருக்கிறது. காய் விளையாத ஊரின் கணக்கு இல்லை இது. ஒட்டன்சத்திரமும் சேர்ந்த மாநிலத்தின் கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் ஒரு நாள் தட்டில், வளர்ந்த ஒருவருக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் இருக்க வேண்டும். மூன்று பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல். கால் கிலோ கத்தரிக்காயைப் போட்டு நாலு பேருக்குக் குழம்பு வைக்கிற வீட்டில் ஆளுக்கு என்ன வரும் என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதிலும் வீட்டுப் பெண் கடைசியாக உட்காரும்போது சட்டியில் காய் இருக்காது, குழம்புத் தண்ணீர்தான் இருக்கும்.

பழைய சாப்பாடு எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்வதும் உண்மையாகாது. பஞ்ச காலத்தை அறிந்த கிழவிகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் விளைந்த நாளில் கம்பஞ்சோற்றுக்குத் தட்டைப்பயற்றுக் குழம்பு, சோளச்சோற்றுக்குக் கீரைக் கடைசல் என்று ஒரு சேர்க்கை இருந்தது. இரும்புச்சத்தில் தீட்டிய அரிசியைவிடக் கம்பு பல மடங்கு மேல். பயறு புரதத்தைக் கொடுத்தது. கீரைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. களை எடுக்கப் போன பெண்கள் மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று களைக்கொல்லி தெளித்த காட்டில் அந்தக் கீரைகள் முளைப்பதில்லை. முளைத்தாலும் பறிக்கக் கூடாது. களை எடுக்கும் கூலி மிச்சமாயிற்று என்று எழுதுகிற நோட்டில், தினம் ஒரு வேளைக் கீரை போயிற்று என்பதை யாரும் எழுதவில்லை.

வேடசந்தூர் வட்டாரத்தில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியெங்கும் நூற்பாலைகள். விடியும் முன்னே மில் பேருந்து ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. எட்டு மணி நேரம் நின்று நூல் பார்த்துவிட்டு வருகிறவர், உட்கார்ந்து கீரை ஆய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அவர் வாங்குவது அரைத்த மாவும் முட்டையும் ஊறுகாய்ப் பொட்டலமும். சத்தான சமையலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மில் பேருந்தைப் பார்க்காமலே பேசுகிறார்கள். கீரையின் விலை அல்ல, அதை ஆய்கிற நேரம்தான் இந்த ஊர்களில் அருமையான சரக்கு.

தெற்கே மதுரைச் சாலையில் போனால் சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமம் வரும். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-இல் தொடங்கியது. பிரசவம், குழந்தை வளர்ப்பு, கிராமத்துப் பெண்ணின் சாப்பாடு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்று அந்த மருத்துவர் அன்றே வேலையைத் தொடங்கியிருந்தார். கஸ்தூரிபா மருத்துவமனையும் 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனமும், பிறகு அதில் மனையியல் துறையும் வேளாண் அறிவியல் மையமும் வளர்ந்தன. ஒரே வளாகத்தில் பயிரும் அடுப்பும் பாடமாக இருப்பது இங்குள்ள சிறப்பு. வெளியே பெரும்பாலும் பயிருக்கு ஒரு துறை, சத்துணவுக்கு ஒரு துறை. இரண்டும் சந்திக்கிற இடம் விவசாயியின் சமையலறை மட்டும்தான்.

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரருக்குப் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். சீரகச் சம்பா பிரியாணியைக் குறை சொல்ல இங்கே இடமில்லை, வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுகிறவருக்கு அது விருந்து. ஊருக்குள் பார்க்க வேண்டியது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய திட்டம் இங்கும் வந்தது. காலையில் கீரைக்கட்டு விற்கும் பெண்களிடம்தான் கூட்டம்.

"அக்கா, இது மருந்தடிச்ச கீரையா?"

"இல்ல கண்ணு, இது வீட்டுக்குன்னு போட்டது. மிஞ்சுனதக் கொண்டாந்தேன்."

இப்படியொரு பதிலைக் கேட்காமல் யாரும் அந்தச் சந்தையை விட்டு வர முடியாது. வீட்டுக்குத் தனி வரிசை, விற்பனைக்குத் தனி வரிசை. தன் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தது அடுத்தவர் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்பது இந்தச் சமவெளியில் பலரும் கேட்கத் தயங்குகிற கேள்வி. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்களில் பூச்சிமருந்து எச்சம் என்ற பேச்சு கேரளத்தில் பெரிதாக எழுந்தது. அங்கே மொட்டை மாடிகளில் பை வைத்துக் காய் வளர்க்கத் தொடங்கினார்கள். வாங்குகிறவர் விலகினால் இழப்பு ஒட்டன்சத்திரத்துக்கு. மருந்து டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாளைப் பார்க்க வேண்டும். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே அத்தனை நாள் விட வேண்டும். கத்தரியிலும் வெண்டையிலும் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பு நடப்பதால்தான் இது தவறுகிறது. காய்ப்பு காலத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி என்று போனால் இந்த இக்கட்டு பெரும்பாலும் வராது. வீட்டு வரிசையைச் சுத்தமாக வளர்க்கத் தெரிந்தவருக்கு அந்தக் கையே போதும்.

வீட்டுக்கென்று நிலம் தேடவும் வேண்டாம். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் போகிற இடத்தில் ஒன்றிரண்டு சென்ட் இருந்தால் போதும். வாழையும் கல்வாழையும் அந்தத் தண்ணீரை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். சோப்புத் தண்ணீரை நேராகக் கீரைப் பாத்தியில் விடக் கூடாது. முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை போன்ற உயரமானவற்றை வடக்கு ஓரத்தில் வைத்தால் நிழல் பாத்தியில் விழாது. வேலியில் அவரையும் பாகலும் ஏறட்டும். ஆடியில் ஊன்றிய அவரை தையில் கொத்துக் கொத்தாக நிற்கும். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் ஒரே நாளில் மொத்தமாக விதைப்பது வழக்கமான பிழை. வாரம் ஒரு முழப் பாத்தியாக விதைத்தால் நாலாவது வாரத்திலிருந்து வீட்டில் கீரை அற்றுப் போகாது. தக்காளி, கத்தரி நாற்று வாங்கும்போது தோட்டத்துக்கு வாங்கியதில் பத்து நாற்றைப் பின்கட்டுக்கு ஒதுக்கினால் தனிச் செலவும் இல்லை.

இந்த மாவட்டத்தில் வீணாகிற சத்துகளிலேயே பெரியது முருங்கைக் கீரை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை வந்தபின் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் முருங்கை வயல் பயிராகிவிட்டது. ஆறு மாதத்தில் காய். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு மேலே வெட்டினால், நாலைந்து மாதத்தில் மறுதாம்பு காய்க்கும். அப்படி வெட்டும் நாளில் ஒரு ஏக்கரில் விழுகிற தழை ஆட்டுக்கும் வரப்புக்கும் போகிறது. அந்தத் தழையில் 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் புரதமும் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. கண்ணுக்கு வேண்டிய கரோட்டினும் ஏராளம். வெட்டும் நாளில் இளங்கொழுந்தாகப் பார்த்து எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொடித்தால் மழைக்காலம் முழுக்கத் தோசை மாவிலும் குழம்பிலும் ஒரு கரண்டி போடலாம். வெயிலில் காய வைத்தால் நிறத்தோடு கரோட்டினும் போய்விடும். தெளித்த மருந்தின் காத்திருப்பு நாள் இதற்கும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. விலை விழுந்து தக்காளியை அள்ளிச் சாலையோரம் கொட்டுகிற நாள்களும் வருகின்றன, வடமதுரை, அய்யலூர்ப் பக்கம் இது தெரிந்த காட்சி. அந்த வாரத்திலாவது வீட்டில் ஒரு சட்டி தொக்கு கிண்டிவைத்தால் பதினைந்து நாளுக்கு ஆகும்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். காயைக் கழுவிவிட்டு நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு நீரில் ஊறப் போட்டால் வைட்டமின் சி தண்ணீரோடு போகும். குறைந்த தண்ணீரில் மூடி வேகவைத்து, வடிக்கிற நீர் இருந்தால் ரசத்தில் சேர்த்துவிடலாம். கீரைக் கூட்டில் ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பு இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் சேரும். கீரையின் இரும்புச்சத்து முழுதும் நமக்குக் கிடைப்பதில்லை. அதைக் கூட்டித் தருவது எலுமிச்சையும் நெல்லிக்காயும். குறைப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் நல்லது. ரத்தம் மிகக் குறைந்தவர்கள் கீரையை நம்பி ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கீரை மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை.

மில்லுக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் எப்போது நடக்கும் என்றால், வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண்கள் வைத்திருக்கும் ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் பேருந்து விட்டு இறங்கி வருகையில் வேலியோர முருங்கையில் இரண்டு கிளை ஒடித்துக்கொள்கிறார்கள். உலர்ந்த பருத்தித் துணியில் இறுகச் சுற்றி அடுப்படி மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் துணியை விரித்து உதறினால் இலை முழுக்க உதிர்ந்து கிடக்கும். ஈர்க்கு மட்டும் கையில் நிற்கும். பாசிப்பருப்பு வேகிற நேரத்தில் கீரையை அலசிப் போட்டுக் கிளறி இறக்கினால், மில் பேருந்தின் ஹாரன் கேட்பதற்குள் தூக்குச்சட்டி நிறைந்துவிடும்.