வந்த நாள்

ஆறாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் ஒரு ஹோம் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். 1989. திருவள்ளூர் என்று தனி மாவட்டம் வராத காலம். ஹோம் பிள்ளைகள் காலையில் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வரிசையில் வருவார்கள். கழுத்துக்கு மேல் வெட்டிய முடி, வழிய வழிய எண்ணெய். பேன் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் அம்மாக்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருத்திக்கும் பெயர் இருந்தது. எங்கள் வாயில் எல்லாருமே 'ஹோமு'தான்.

இவள் பேசும் தமிழில் பாதி தெலுங்கு. அதைச் சொல்லிச் சிரிக்க எங்களுக்குத் தகுதி கிடையாது. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது, என் பாட்டியே காசை எண்ணுவது தெலுங்கில்தான். ஆனாலும் சிரித்தோம்.

ஒருநாள் இன்டர்வெல்லில் என்னிடம் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி வரச் சொன்னாள். ஹோமில் எழுதினால் வார்டன் படித்துவிட்டுத்தான் அனுப்புவாராம். வாங்கிக் கொடுத்தேன். மரத்தடியில் உட்கார்ந்து எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மேலே அம்மா பெயரும் ஊரும் எழுதி, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடச் சொன்னாள். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அவள் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, "கூத்துல ஆடும்" என்றாள்.

முதல் நாள் மறந்துபோனேன். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் ஏதோ ஒரு சின்னச் சண்டை, வேண்டுமென்றே போடவில்லை. அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. ஊரே காவடியும் மஞ்சள் துணியுமாக மூச்சுமுட்டிக் கிடந்த அந்த நாட்களில் பள்ளிக்கூடம் இல்லை. திறந்தபோது அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் டீச்சர் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டார். படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கும் அதே சிவப்புக் கோடுதான். "செத்துப்போச்சாம்" என்று ஹோம் பிள்ளைகளில் ஒருத்தி சொல்லித்தான் வித்தியாசம் தெரிந்தது.

எங்கே புதைத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவங்க இடத்துலயே எங்கனா பொதச்சிருப்பாங்க. போய்ப் படி" என்றாள். அந்தக் கடிதம் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. பயந்துபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பிரித்துப் படிக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

இதை முப்பது வருஷத்துக்குமேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வைத்தது அயர்லாந்துக்காரி ஒருத்தி.

கால்வே மாவட்டத்தில் டூவம் என்ற சிற்றூர். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அனுப்பிவைக்க 1925 முதல் 1961 வரை அங்கே ஒரு தாய்-சேய் இல்லம் இருந்தது. போன் செகூர் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். பிள்ளை பெற்ற அம்மா ஒரு வருஷம்போல் கூலியில்லாமல் வேலை செய்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். குழந்தை உள்ளேயே இருக்கும். 1970களில் கட்டடத்தை இடித்து வீடுகள் கட்டினார்கள். விளையாடப்போன இரண்டு பையன்கள் ஒரு சிமெண்ட் பலகையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே எலும்புகளைக் கண்டார்கள். பழைய பஞ்ச காலத்துப் பிணங்களாக இருக்கும் என்று ஊர் பேசி மூடிவிட்டது. அக்கம்பக்கத்தில் சிலர் மட்டும் அந்த இடத்தில் புல் வெட்டி, ஒரு மாதா சிலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கேதரின் கார்லெஸ் அந்த ஊர்க்காரர். பல்கலைக்கழக ஆய்வாளர் இல்லை, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய குடும்பப் பெண். உள்ளூர் வரலாற்று இதழுக்கு ஒரு கட்டுரை எழுதப்போய், அந்த இல்லத்தில் செத்த குழந்தைகளின் பட்டியலைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார். இருபது முப்பது பெயர் வரும் என்று நினைத்தவருக்கு 796 வந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் சொந்தக் காசைக் கட்டி வாங்கினார். பிறகு ஊர்க் கல்லறைத் தோட்டங்களின் ஏடுகளோடு ஒத்துப்பார்த்தார். இவர்களில் அநேகமாக யாருமே எங்கும் அடக்கம் செய்யப்பட்டதாகப் பதிவு இல்லை. கட்டுரை 2012இல் வந்தது. உலகம் கவனித்தது 2014இல். அந்த எலும்புகள் அந்த இல்லம் நடந்த காலத்துக் குழந்தைகளுடையவைதான் என்று 2017 மார்ச்சில் அரசு ஆணையம் சொன்னது. கழிவுநீருக்காகக் கட்டியதுபோன்ற ஒரு பழைய நிலத்தடி அமைப்புக்குள் கிடந்தன. 2021இல் அயர்லாந்துப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். முறையாகத் தோண்டி எடுக்கும் வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

எனக்கு இந்த எண்களைவிட இன்னொரு விஷயம்தான் உறைத்தது. கார்லெஸ் படித்த பள்ளிக்கூடத்துக்கும் ஹோம் பிள்ளைகள் வருவார்களாம். தனியாக உட்கார வைப்பார்களாம். சின்ன வயதில் அவர், வெறும் மிட்டாய்த் தாளை உள்ளே ஒன்றுமில்லாமல் மடித்து அவர்களில் ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவள் ஆசையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஐம்பது வருஷம் கழித்தும் அதைச் சொல்லி வருந்தினார். அந்த வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஹோம் இருந்த இடத்துக்குப் போனேன். மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அரக்கோணம் சாலையிலிருந்து உள்ளே போகும் அந்த மண்ரோடு இப்போது 'நகர்' என்று பெயர்ப்பலகை வைத்த மனைப்பிரிவு. கட்டடம் இல்லை. காவலுக்கு இருந்த பெரியவரிடம் கேட்டேன். பின்பக்கச் சுவரை ஒட்டி, வேப்பமரத்துக்குக் கீழே ஏழெட்டு மேடு இருந்தது, சின்னச் சின்னதா, ஜேசிபி வந்தப்போ சமமாக்கிட்டாங்க என்றார். அங்கேயும் கல் நட்டிருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, மனை எண் எழுதிய கல்.

சரி, பதிவேட்டையாவது பார்ப்போம் என்று கிளம்பினேன். 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் எட்டாவது பிரிவில் யார் யார் சாவைத் தெரிவிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. வீடென்றால் குடும்பத் தலைவர், சிறையென்றால் சிறை அதிகாரி. சத்திரம், ஹாஸ்டல், லாட்ஜ், கள்ளுக்கடை எல்லாம் சேர்த்து ஒரே உட்பிரிவு; அதற்குப் பொறுப்பாளர். ஹாஸ்டலில் சாகும் பிள்ளையும் கள்ளுக்கடையில் சாகும் ஆளும் சட்டத்தில் ஒரே வரி. அதுகூடப் பரவாயில்லை, வரி என்று ஒன்றாவது இருக்கிறதே. ஆனால் நான் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்த எழுத்தர், "அப்பா பேரு எழுதலையேம்மா. அது இல்லாம எப்படித் தேடறது?" என்றார். அப்பா பெயர் தெரியாது என்றேன். அவளுக்கே தெரிந்திருக்காது என்பதைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அவள் இருந்தாள். பிறந்த தேதி என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு டீச்சர்கள் குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுத்த ஜூன். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் ஹோம் நிர்வாகியின் பதவி மட்டும். அம்மா பெயருக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

கல்லில்லாத கல்லறை ஒன்றை நான் இதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் தோழி ஒருத்தியோடு திருநெல்வேலிப் பக்கம் போனபோது, களக்காட்டுக்குக் கிட்டே இருக்கும் டோனாவூருக்கு அழைத்துப் போனாள். ஏமி கார்மைக்கேல் நடத்திய இல்லம் அங்கேதான். அயர்லாந்தின் வடக்குப் பகுதியில் 1867இல் பிறந்தவர், 1895இல் இந்தியா வந்து, ஒருமுறைகூடத் திரும்பிப் போகாமல் 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரிலேயே இறந்தவர். தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் செதுக்கினார்கள். அங்கே யாருக்குமே கல் கிடையாது. மரங்களுக்கு அடியில் எல்லாரும் மண்ணாக இருக்கிறார்கள்.

அந்த வேலை தொடங்கியதும் ஒரு சிறுமியால்தான். பிரீனா, ஏழு வயது. பெருங்குளத்தில் கோயிலுக்கென்று கொடுக்கப்பட்டவள். முதல் தடவை தப்பித்துத் தூத்துக்குடி வரை நடந்து அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். தேடி வந்தவர்கள் தெய்வ குற்றம் என்று மிரட்டியதில் அம்மாவே அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தப்பியதற்குத் தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். 1901 மார்ச்சில் மறுபடி தப்பி, இந்தத் தடவை பண்ணைவிளையில் கார்மைக்கேலிடம் வந்தாள். அவளுக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் குழந்தைகள் வந்தன, 1904இலிருந்து கைக்குழந்தைகளும். தாய்ப்பாலுக்கு வழியில்லாமல் வந்த அந்தச் சிசுக்களில் பல நிற்கவில்லை. இந்திரநீலா என்று பெயர் வைத்துக் கொஞ்சிய ஒரு குழந்தை 1905 தொடக்கத்தில் செத்ததைக் கார்மைக்கேலால் தாங்க முடியவில்லை. நூற்றிருபது வருஷம் கழித்து அந்தப் பெயர் எனக்குத் தெரிகிறதே, எழுதி வைத்தார் என்பதால்தான் தெரிகிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடுவார்கள். வந்த நாள். முதலில் கேட்டபோது கண் கலங்கும் அளவுக்கு அழகாகத் தெரிந்தது. இப்போது அதில் ஒரு முள்ளும் தெரிகிறது. வந்த நாளிலிருந்து வாழ்க்கையை எண்ணத் தொடங்கினால், அதற்கு முந்தைய நாள்வரை இடுப்பில் வைத்திருந்தவள் கணக்கில் வரமாட்டாள். பிரீனாவின் கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அவள் அம்மா ஒரே இடத்தில்தான் வருகிறாள், பெண்ணைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில். சூடு பட்ட சேதி அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, பிறகு அவள் தேடினாளா, எவரும் கேட்கவில்லை. பெண்ணைக் காப்பாற்றியவரின் கல்தொட்டியில் அம்மா என்ற சொல் இருக்கிறது. பெற்றவளுக்குப் பெயர்கூட இல்லை. கார்மைக்கேல் செய்ததைக் குறைத்துப் பேசவில்லை; அன்றைக்கு அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் பிரீனா என்ன ஆகியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்குமே தெரியும்.

ஏனென்றால் "கூத்துல ஆடும்" என்று அவள் சொன்னதன் அர்த்தம் பிறகு எனக்குப் புரிந்துவிட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டு, அந்தப் பக்கம் நகரி, புத்தூர் வரை பரவிக் கிடக்கும் வழக்கம் அது. பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்களில், பெண் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பிழைக்க வைத்தால் உனக்கே விடுகிறேன் என்று மாத்தம்மா சாமிக்கு வேண்டிக்கொள்வார்கள். பிழைத்தால் அம்மன் பேரில் தாலி. அதற்குப் பிறகு கல்யாணம் கிடையாது. திருவிழாவில் ஆட வேண்டும். பிறக்கும் பிள்ளைகளுக்கு அப்பா என்று சொல்லிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். வந்து போகிறவர்கள் மட்டும் உண்டு. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் மசோதாவைச் சென்னை மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் கொண்டுவந்தார். அவருடைய தாயே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அது சட்டமானது 1947இல். திருத்தணி அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது, எனவே அன்றைக்கே இங்கேயும் அது குற்றம். ஆந்திராவிலும் 1988இல் தனிச் சட்டம் வந்தது. 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரண்டு மாநிலங்களுக்கும் மாத்தம்மா வழக்கம் பற்றி நோட்டீஸ் அனுப்பியது. எழுபது வருஷத்துச் சட்டம் ஆணையத்தின் கண்ணுக்குத் தெரிந்தும், ஊருக்குத் தெரிந்தும், அப்படியே இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு மாத்தம்மாதான் தன் பெண்ணைத் தன்னைப்போல ஆக்கிவிடக் கூடாது என்று ஹோமில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். எங்கள் டீச்சர்கள் பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவள் என்று பேசியது அவளைத்தான். செத்த சேதியை ஹோம் அவளுக்குச் சொன்னதா தெரியவில்லை. நான் அனுப்பவில்லை என்பது மட்டும் தெரியும். அந்தப் பெண்ணின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதாததற்கும் காரணம் இதுதான். அவள் அம்மா உயிரோடிருந்தால், முதலில் அவள்தான் கேட்க வேண்டும்.

போன தை மாதம் பள்ளிப்பட்டுப் பஸ் பிடித்தேன். ஊர் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இன்லண்டின் கடைசி வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் வரிதான் வரமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் நீல மையும் ஒட்டிய பருக்கையும் தெரிகிறது, எழுத்துக் கூடுவதில்லை. காலனி முனையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தியிடம் போய், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி திருத்தணி ஹோமில் மகளை விட்டிருந்த ஒரு மாத்தம்மாவைத் தேடி வந்திருக்கேன், ஆயா என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"மூணு பேரு இருந்தாங்க. மூணு பேருமே பொண்ண அங்கதான் வுட்டாங்க. ஒருத்தி இருக்கறா, கண்ணு தெரியாது. உனக்கு எவ வேணும்? பேரு இன்னா?"

நான் பேசாமல் நின்றேன்.

"பேரு இன்னாம்மா?" என்று மறுபடி கேட்டாள்.