சலுகையும் சர்க்கரையும்

அரபியின் 'ஸுக்கர்' என்பதும் தமிழின் 'சர்க்கரை' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகத்தின் வழியே அரபு நாடு போய்ச் சேர்ந்தது. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நமக்கு நாவினிக்கும். நம் குருதியும் இனித்துக்கொண்டிருந்ததை 38ஆம் வயதில்தான் அறிந்தோம்.

நமக்கு மட்டுமா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, புதுச்சேரியில் 20 வயது நிறைந்தோரில் நூற்றுக்கு 26.3 பேர் நீரிழிவுக்காரர்கள். நாடு முழுமைக்கும் அது 11.4தான். வில்லியனூரில் ஒரு பந்தியில் நால்வர் அமர்ந்தால் அவருள் ஒருவர் நம் கூட்டாளி.

பதினான்கு ஆண்டுகள் மாத்திரையும் ஊசியுமாகக் கழிந்தன. எடை 121 கிலோ. நாளொன்றுக்கு 64 அலகு இன்சுலின். 2022இல் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டோம். இரைப்பையின் மேற்புறத்தில் முட்டையளவு ஒரு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு தைத்துவிடுகிறார்கள். உண்பது குறைகிறது, உண்டதும் குடலுக்குள் விரைந்து இறங்குகிறது. அப்போது குடலில் மிகுதியாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினை ஊறச் செய்கிறது. எடை இறங்குமுன்பே சர்க்கரை இறங்கும் விந்தை இதனால்தான். அமெரிக்க மருத்துவர் வால்டர் போரீஸ் 1995இல் எழுதிய கட்டுரையில், இவ்வறுவை செய்துகொண்ட 146 நீரிழிவுக்காரருள் 121 பேருக்குச் சர்க்கரை சீராகவே நின்றதாகக் கணக்குக் காட்டினார்.

நமக்கும் ஆறு வாரத்தில் ஊசி நின்றது. மெட்ஃபார்மின் மட்டும் மிஞ்சியது. நோய் தொலைந்தது என்றோம். "தொலையவில்லை ஹஜ்ரத், ஒதுங்கி நிற்கிறது" என்றார் மருத்துவர். ஆலிம்களுக்கு அடுத்தவர் சொல் எளிதில் ஏறாது.

2024இல் பாகூரில் பழைய மாணவர் ஒருவரின் வலீமா. கேசரியும் ஒரு குவளை ரோஸ்மில்க்கும் அருந்தினோம். இரண்டு மணி நேரங்கழித்துப் பேருந்தில் வரும்போது வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கடைப் பலகைகளின் எழுத்துகள் மிதந்தன. சர்க்கரை ஏறிவிட்டதென்றே நினைத்தோம். உடன்வந்த மருமகன் விரலில் குத்திப் பார்த்தால் 46! தடுப்பாரின்றிக் குடலில் பாய்ந்த இனிப்பு குருதியில் ஒரேயடியாக ஏற, கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைக் கொட்டிவிட்டிருக்கிறது. இனிப்பைத் தின்று சர்க்கரை இறங்குவது நாம் எந்தக் கிதாபிலும் ஓதாத பாடம். சர்க்கரைக் கரைசலைக் குடித்துக் கால் மணி பொறுத்து, மீண்டும் பார்த்து, வேர்க்கடலை தின்ற பின்னரே தெளிந்தோம்.

அதன்பின் தட்டில் முறை மாறியது. முதலில் முட்டையோ மீனோ, அடுத்துக் கீரை, கடைசியில் ஒரு கைப்பிடிச் சோறு. தண்ணீர் அரை மணி கழித்து. பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும்.

ரமளான்தான் நம்மைச் சோதித்தது. நோயாளிக்குரிய சலுகையை முப்பதாண்டுகளாகப் பிறருக்கு எடுத்துரைத்தவர் நாம். "இந்த வருஷம் வேண்டாமுங்க" என்று மனைவியார் மன்றாடியும், 2025இல் நோன்பு வைத்தோம். மெய்யாகச் சொன்னால், இறையச்சத்தோடு ஊரார் கண்ணும் அதில் கலந்திருந்தது.

பன்னிரண்டாம் நோன்பு. அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நோன்பின் சட்டங்களை விளக்கிக்கொண்டிருந்தோம், சொல் குழறியது. மருமகன் அருகில் வந்து குத்திப் பார்த்தார்: 58. எழுபதுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டுமென்று மருத்துவர் விதித்திருந்தார். மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி. சற்றுப் பொறுத்தால் ஏறுமென்று, அறிவுக்கு ஒவ்வாமல் பத்து நிமிடம் அமர்ந்திருந்தோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், இப்போது நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததே அதுதானே."

அத்தனை பேர் முன்னிலையில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தோம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் தஸ்பீஹில் கண்ணை இறக்கிக்கொண்டார்கள்.

எஞ்சிய நாட்களுக்கு நாளொன்றுக்கு ஓர் ஏழையின் உணவென மனைவியார் அரிசி அளந்து வைத்தார். இஃப்தாருக்கு மட்டும் நாம் தவறாமல் பள்ளிவாசல் சென்றோம். கஞ்சிக் கோப்பையில் கால் பங்கு, அதுவும் கரண்டியால், பேரீச்சம்பழத்தில் பாதி. மறு பாதியை அந்த இளைஞர் வாங்கிக்கொள்வார்.