இழுக்க முடியும்போதே கொடு

மலேசியாவின் ரவாங் வட்டாரத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கிக்காரர் ஒருவரையாவது தெரிந்திருக்கும். செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டால் அவருக்குத்தான் ஆள் போகும். மறுநாள் லயம் முழுக்க மிளகு போட்டு வறுத்த கறி மணக்கும். அவர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உரிமம் என்பது ஆளுக்கு. ஆள் போனால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான். வில்லின் கதை வேறு. அது கையிலிருந்து கைக்கு மாறுகிறது. யாருக்கு, எப்போது என்பதைக் கொடுக்கிறவன்தான் முடிவு செய்யவேண்டும்.

என்னிடம் இருந்தது பேர் ஆர்ச்சரி கம்பெனியின் கோடியாக் வில். 60 அங்குல நீளம்; 28 அங்குலம் இழுத்தால் 55 பவுண்டு. கிள்ளானில் இருந்த ஓர் அண்ணன் எனக்குக் கொடுத்தது. ரவாங் காட்டில் அதை வைத்து நான் வேட்டையாடியதில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பன்றியைத் தொடுவதற்கும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானின் உரிமம் வேண்டும். நான் வில்வேட்டை பழகியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், பண்ணைக்காரர்களின் அனுமதியோடு. அங்கே காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகி, பயிரையும் நீர்நிலைகளையும் நாசமாக்கும் விலங்கு. ஊரில் இருக்கும்போது பயிற்சி பத்து ஆராங் பக்கம், நண்பர் ஒருவரின் பழைய ரப்பர் நிலத்தில், நுரைப்பன்றி பொம்மை மேல்.

அந்த வில்லைத்தான் ஒரு தம்பிக்குக் கொடுத்தேன். செரெண்டாக்காரன். ஏற்கெனவே வேட்டைக்குப் போய் வந்தவன்.

கொடுப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஆசையை அல்ல, கையின் நீளத்தை. வில்லில் எழுதியிருக்கும் 55 பவுண்டு 28 அங்குலத்துக்கான கணக்கு. இழுப்பு அதைவிட ஓர் அங்குலம் கூடினால் ஏறத்தாழ மூன்று பவுண்டு ஏறும், குறைந்தால் இறங்கும். தம்பியின் கை நீளம். 29 அங்குலம் வருகிறது. அவன் கையில் அது 58 பவுண்டு வில். என் அம்புகள் அவனுக்குச் சரிப்படாது. நீளம், விறைப்பு, எடை எல்லாம் புதிதாகப் பார்க்கவேண்டும். இந்த வலுவுள்ள வில்லுக்கு அம்பு 35 கிராமுக்குக் குறையக் கூடாது. அதற்கும் குறைந்தால் வில்லின் வலு அம்பில் போய்ச் சேராமல் கைக்கே அதிர்ச்சியாகத் திரும்பும். நாளடைவில் மரத்தையே பிளக்கும்.

அடுத்தது வில்லின் உடம்பு. இரண்டு இறக்கையிலும் பஞ்சை மெல்ல உருட்டிக்கொண்டே போகவேண்டும். கண்ணாடி நாரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பஞ்சு அங்கே சிக்கி நிற்கும். பிறகு நாணேற்றி, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கவேண்டும். நாண் இறக்கையின் நடுவில் ஓடாவிட்டால் எங்கோ முறுக்கு விழுந்திருக்கிறது. நம் ஊரில் வில்லைக் கெடுப்பது மழையைவிட வெயில். கார் பின்பெட்டியில் ஒரு மத்தியானம் போட்டுவைத்தால் போதும், அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். பழைய வில்லுக்கு டெக்ரான் நாண்தான். நீட்சியில்லாத புதுவகை நாணைப் போட்டால் நுனியை வெட்டிவிடும். இதெல்லாம் சொல்லிக் கொடுக்கக்கூடியது. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

வேட்டையைப் பற்றியும் வாயால் சொல்லக்கூடியது நிறைய உண்டு. பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு கூர்மை. அதனால் முதலில் காற்று. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் குட்டிக்கூரா பவுடர் டப்பா இருக்கும். ஒரு சிட்டிகை தூவினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வளர்ந்த ஆண்பன்றியின் தோளில் தடித்த தோல்திசு கேடயம்போல் படர்ந்திருக்கும்; நேர்ப்பக்கமாகத் தோளில் அடித்தால் அம்பு அங்கேயே நின்றுபோகும். பன்றி நமக்குப் புறம்காட்டிச் சாய்வாக நிற்கவேண்டும். அப்போது கேடயத்துக்குப் பின்னால் நுழைந்து முன்னோக்கிப் போகும் அம்பு நெஞ்சைத் தொடும். அம்பு குண்டைப்போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, ரத்தப்போக்கால் கொல்கிறது. முனை மழுங்கியிருந்தால் அது வேட்டை அல்ல, சித்திரவதை. கை முடியைச் சிரைக்காத முனையை அம்பறாத்தூணியில் வைக்காதே என்று தம்பியிடம் சொன்னேன்.

சொல்லிக் கொடுக்க முடியாதது ஒன்றே ஒன்று: இழுத்த நாணை விடாமல் இறக்குவது.

பன்றி பதினைந்து மீட்டரில் நிற்கிறது. நாணை முழுக்க இழுத்தாயிற்று, விரல் கடைவாயைத் தொட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து அது அரைக்கால் திரும்புகிறது. அல்லது குட்டி ஒன்று பின்னால் வந்து நிற்கிறது. இப்போது 55 பவுண்டையும் பிடித்தபடி, மூச்சு மாறாமல், அம்பு வில்லிலிருந்து நழுவாமல், மெல்ல மெல்ல முன்னே கொண்டுவரவேண்டும். எய்வதற்கு வேண்டியதைவிட எய்யாமல் இருப்பதற்குத்தான் அதிக பலம் வேண்டும். தோள் தளர்ந்தவனால் இழுக்க முடியும்; தாங்கி நிற்க முடியாது. தாங்க முடியாதவன் விட்டுவிடுவான். அம்பும் போகக்கூடாத இடத்துக்குப் போகும். காயத்தோடு ஓடும் பன்றிகளில் பாதி இப்படி ஓடியவையாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இதைக் கற்பிக்க ஒரே வழி, பக்கத்தில் நின்று செய்து காட்டுவது. அதற்குக் கொடுக்கிறவன் தோளில் பலம் மிச்சம் இருக்கவேண்டும்.

இப்படிப் பக்கத்தில் இருந்து பழகியதாக இன்றைய வில்வேட்டைக்காரர்களின் கைமாற்றுக் கதை ஒன்று உண்டு. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு யாகி குலத்தில் கடைசியாக எஞ்சிய ஒருவர் வந்து சேர்ந்தார். ஈஷி என்று பெயரிட்டு, சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரிடம் போய் உட்கார்ந்து வில் செய்யவும் வேட்டையாடவும் பழகினார். ஈஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் 1923இல் எழுதிய வில்வேட்டை நூல் ஆயிரக்கணக்கானவர்களை வில்லெடுக்க வைத்தது. அவருடைய தோழர் ஆர்ட் யங்கின் வேட்டைப் படத்தை 1927இல் டெட்ராய்ட்டில் பார்த்தவர்தான் ஃபிரெட் பேர். என் வில்லில் இருக்கும் பெயர் அவருடையது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. போப், ஈஷியின் குட்டை வில்லோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேய பாணியில் யூ மரத்து நெடுவில்லுக்குப் போய்விட்டார். ஈஷியிடமிருந்து அவருக்கு வந்தது காட்டில் நடக்கும் நடை, காத்திருக்கும் பொறுமை. நிற்கவைத்த வில் களைத்துப்போகும், வேலை முடிந்தால் அதைப் படுக்கவைக்கவேண்டும் என்ற ஈஷியின் பேச்சையும் போப் எழுதி வைத்திருக்கிறார். என் வீட்டிலும் வில் இரண்டு முளையில் படுத்துத்தான் கிடந்தது. மூலையில் சாத்தினால் கீழ் இறக்கை வளையும் என்பது என் காரணம். ஈஷியின் காரணம் இன்னும் மரியாதையானது.

நம் பெரியபுராணத்தில் இதற்கு நேர்மாறான கைமாற்று ஒன்று இருக்கிறது. உடுப்பூர் வேடர் தலைவன் நாகன், மூப்பு வந்து வேட்டைக்குப் போக முடியாமல் ஆனபிறகு மகன் திண்ணனிடம் தலைமையைக் கொடுக்கிறான். நாகன் மகனுடன் போகவில்லை. முதல் வேட்டையில் பன்றி ஒன்று தப்பி ஓடுகிறது. திண்ணன் நெடுந்தூரம் துரத்திப்போய், வில்லால் அல்ல, குறுவாளால் அதை வீழ்த்துகிறான். அங்கிருந்து காளத்தி மலை தெரிகிறது. அவன் வீடு திரும்பவே இல்லை, கண்ணப்பன் ஆகிறான். பக்தர்களுக்கு அது இறைவனின் அழைப்பு. நானும் கும்பிடுகிறவன்தான். ஆனாலும் பன்றியின் பின்னால் போய்ப் பழகியவன் கண்ணுக்கு, முதல் வேட்டையில் தகப்பன் பக்கத்தில் இல்லாததும் படுகிறது.

வில்லைக் கையில் வைத்தபோது தம்பி கேட்டான்: “அண்ணே, நீங்க இன்னும் நல்லாத்தானே இழுக்கிறீங்க? ஏன் இப்பவே?”

“அதனாலதான்டா இப்ப,” என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு பேருமாகவே போகிறோம். நான் 40 பவுண்டு வில் ஒன்றுக்கு மாறிக்கொண்டேன். பொம்மைக்கு முன்னால் அவன் இழுக்கும்போது சில தடவை, “இறக்கு” என்பேன். முதலில் முகம் சுருங்கும். இப்போதெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே இறக்கிவிடுகிறான். வில்லின் பிடியில் தோல் சுற்றியிருக்கிறான்; எனக்குப் பிடிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வில்லைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பவன் இன்னும் கொடுத்து முடிக்காதவன்.

வில் வைத்திருக்கும் நண்பர்கள் பலர், “இன்னும் பத்து வருஷம் போகட்டும்” என்கிறார்கள். பத்து வருஷம் கழித்துக் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு நல்ல மரமும் நல்ல நாணும் கிடைக்கும். எப்போது எய்யக்கூடாது என்பதை அவன் தானே காட்டில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பாடத்துக்கான கட்டணத்தை அவன் கட்டமாட்டான், பன்றிதான் கட்டும்.